அம்மாவின் கூலி நோட்டு

பெரியவளே, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னாய்: "தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாள் பிரஸ் வேலைய விட்டுர்றேன்பா. சொந்தமா டிசைன் பண்ணிக் குடுக்கப் போறேன். கம்ப்யூட்டர் நம்மகிட்ட இருக்கு, ரூம் நம்ம ரூம். கரண்டு மட்டும்தான் செலவு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பாவுக்கு இதில் விருப்பம் இல்லை என்று நினைத்து நீ பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டாய். சின்னவள் உன் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றாள். உங்கள் அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "வாயத் தொறந்து சொன்னாத்தான என்ன?" என்றாள்.

வாயைத் திறந்தால் நான் சண்டைபோடுகிற மாதிரியே பேசிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விட்டுவிடாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. "கரண்டு மட்டும்தான் செலவு" என்று நீ சொன்னாய் பார், அந்த வார்த்தை ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் வாயிலிருந்து அப்படியே வந்த வார்த்தை. அதற்காகத்தான் இது.

சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் பத்தொன்பது வருஷம் பஞ்சிங் மிஷின் ஓட்டினேன். அதை நீங்கள் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள், ஆனாலும் எழுதி வைக்கிறேன். இரண்டு இரும்புப் பலகை, பெரிய புத்தகம் திறந்து மூடுவது மாதிரி திறந்து மூடும். ஒரு பலகையில் பிளேடு பதித்த அச்சு இருக்கும். அதற்கு டை என்று பெயர். திறக்கும்போது அட்டையை உள்ளே வைக்க வேண்டும். மூடும்போது பட்டாசுப் பெட்டிக்கு வேண்டிய அளவில் வெட்டி மடிப்பும் போட்டுவிடும். மறுபடி திறக்கும்போது எடுக்க வேண்டும். வைக்கிறதும் எடுக்கிறதும் கைதான். மேலே குறுக்கே ஒரு கம்பி இருக்கும். கை உள்ளே இருக்கும்போது மிஷின் மூட வந்தால் கை அந்தக் கம்பியில் பட்டு மிஷின் நின்றுவிடும். அந்தக் கம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் எனக்கு மாசம் பதினாறாயிரம் சம்பளம். பி.எப்., ஈ.எஸ்.ஐ. உண்டு, தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ். இந்த ஊரில் யாரும் தீபாவளிக்கு முன்னால் வேலையை விடமாட்டார்கள். போனஸை வாங்கி, பிள்ளைகளுக்குத் துணி எடுத்து, கறி எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் விடுவார்கள். நானும் அப்படித்தான் விட்டேன். பி.எப். பணம், அம்மாவின் ஆறு பவுன் அடகு, ஒரு சீட்டுப் பணம், மூன்றையும் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒரு பழைய பஞ்சிங் மிஷின் வாங்கினேன்.

வீட்டின் தெருப்பக்கத்து அறையில் ஒரு டெய்லர் கடை இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாசம் மூவாயிரம் வாடகை, ஐந்தாம் தேதி தவறாமல் கொடுத்துவிடுவார். அவரைக் காலி பண்ணச் சொல்லி மிஷினை அங்கே இறக்கினேன். அம்மா அப்போது நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில், பேருக்குத்தான் ஆபீஸ், பாக்டரிதான், பெட்டி கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ் ஏறிப் போய், பட்டாசு மருந்து வாசனையோடு திரும்பி வருவாள். மிஷின் வந்ததும் அவளையும் வேலையிலிருந்து நிற்கச் சொன்னேன். மனசுக்குள் பெரிய நிம்மதி. மத்தியானம் எங்கேயாவது டமார் என்று சத்தம் கேட்டால் இனி சைக்கிளை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் ரோட்டில் ஓட வேண்டாம்.

எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்: "எடம் சொந்த எடம், ஆளு நம்ம வீட்டு ஆளு, கரண்டு மட்டும்தான் செலவு." மற்றவர்கள் ஆயிரம் ஷீட்டுக்கு முந்நூற்றைம்பது கேட்டபோது நான் முந்நூறு கேட்டேன். ஆர்டர் ஓடி வந்தது.

ஒரு வருஷமும் எட்டு மாசமும் ஓடின. ஒரு ஆடி மாசம், பழைய கம்பெனி மேனேஜர் போன் பண்ணிக் கூப்பிட்டார். போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். அதிலேயே ஏதோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"என்னப்பா, மொதலாளி ஆயிட்ட, நாங்கல்லாம் ஒன் கண்ணுக்குத் தெரியுறமா?"

"அய்யோ, என்ன சார் நீங்க."

"பஞ்சிங் செக்சன் போர்மேன் வயசாச்சுன்னு நிக்கிறாரு. நீ வா. இருபத்திமூணு தர்றோம். பி.எப்., போனஸ் எல்லாம் உண்டு. ஆடிப் பதினெட்டுக்குப் புது வருசக் காலண்டர் சாம்பிள் ஆல்பம் போட்டுட்டா வேலை குமிஞ்சிரும். அன்னைக்குக் காலையில வந்து நில்லு. வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

ஆடிப் பதினெட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வெட்டிய அட்டையில் ஓரத்து வேஸ்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "நீங்க என்ன சொல்றீக?" என்று மட்டும் கேட்டாள்.

என் கணக்கு நோட்டை எடுத்தேன். வந்த பணம் ஒரு பக்கம். போன பணம் ஒரு பக்கம்: கரண்டு பில், டை செய்த கூலி, லோடு ஆட்டோ, கிரீஸ், அடகு வட்டி. போனது போக, சீசன் மாசமும் மந்தமான மாசமும் சேர்த்துச் சராசரி போட்டால் மாசம் முப்பதாயிரம் நிற்கிறது. கம்பெனியில் தருவது இருபத்திமூன்று. சொந்த மிஷினில் ஏழாயிரம் கூடுதல். சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும், போகக் கூடாது என்று.

ஆனாலும் நான் நோட்டை மூடவில்லை. கணக்கு சரியாக இருந்தது, வீடு சரியாக இல்லை. மாசம் ஏழாயிரம் கூடுதலாகச் சம்பாதிக்கிறவன் வீட்டில் அடகு வைத்த ஆறு பவுன் ஏன் இன்னும் திரும்பி வரவில்லை? ஏன் பள்ளிக்கூட பீசுக்கு மறுபடி சீட்டை ஏலத்தில் எடுக்கிறோம்? எங்கேயோ ஒழுகுகிறது. தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை இருந்தால் தரையாவது ஈரமாக இருக்கும். இங்கே தரை காய்ந்துதான் கிடந்தது.

யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. எதற்கோ நான் சின்னவளைப் பார்த்துக் கத்தியதும், அவள் நாலைந்து நாள் என்னோடு பேசாமல் இருந்ததும் அப்போதுதான்.

மூன்றாம் நாள் என் பெரிய பார்ட்டி வந்தார். பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பெட்டி போட்டுக் கொடுக்கிற வியாபாரி. என் ஆர்டரில் முக்கால்வாசி அவர் கொடுப்பதுதான். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆட்டோவில் இருந்து அட்டையை இறக்கி அறை முழுக்க அடுக்கிவிட்டு, "தீபாவளி நெருங்குதப்பா, ஒரு வாரத்துல வேணும்" என்றார். வழக்கமாகக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு.

இப்போது அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை இதுவரை உங்களிடம் நான் சொன்னதில்லை. அந்தக் கம்பி நல்லதுதான், ஆனால் அட்டை கொஞ்சம் வளைந்திருந்தாலும் அதில் தட்டி மிஷின் நின்றுவிடும். மறுபடி ஓட விட வேண்டும். நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு ஷீட் குறையும். முந்நூறு ரூபாய் ரேட்டுக்கு அந்த ஐந்நூறு ஷீட்டும் எனக்கு வேண்டியிருந்தது. போன சீசனிலேயே அந்தக் கம்பியை மேலே தூக்கி, பைண்டிங் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். கம்பெனியில் வேறு யாராவது அப்படிக் கட்டியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். என் மிஷினில் நானே கட்டினேன். கட்டின மிஷினுக்கு முன்னால் உங்கள் அம்மாவை நிறுத்தினேன்.

நான்காம் நாள் மத்தியானம். நான் வாசலில் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா ஷீட் போட்டுக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்துக்கு நடுவில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஈர்க்குச்சி ஒடிந்த மாதிரி. பத்தொன்பது வருஷம் அந்தச் சத்தங்களுக்குள் இருந்தவனுக்கு, அது மிஷின் சத்தம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஓடினேன். அம்மா இரண்டு கையையும் மார்போடு சேர்த்துப் பிடித்தபடி பின்னால் தள்ளி நின்றாள். மிஷின் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. சுவிட்சை அணைத்தேன்.

"கையக் காட்டு."

காட்டமாட்டேன் என்றாள். இழுத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன. மறு கையிலும் ஐந்தும் இருந்தன. மணிக்கட்டில் ஒரு சின்னக் கீறல். கண்ணாடி வளையலில் ஒன்று இல்லை. கையை இழுத்தபோது தொங்கிய வளையலைப் பலகையின் ஓரம் கடித்திருக்கிறது.

அவள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளித் தகட்டுல ஒரு கை வாங்கிப் போட்டுரணும்" என்றாள். பிறகு அவளே, "கை சரியானவுக வாங்கிப் போடுவாக. எனக்குத்தான் போகவே இல்லையே, முழுக் கை வாங்கணுமா, வளையல் வாங்கிப் போட்டா போதுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மீதி வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள்.

வெட்டுப்பட்ட அட்டைகளில் ஒன்றில் அந்த வளையல் துண்டு அழுந்தி, பிறை மாதிரி ஒரு தடம் விழுந்திருந்தது. அந்த அட்டையை அண்ணாச்சிக்கு அனுப்பவில்லை. பீரோவில் இருக்கிறது.

"நீ இனி மிஷின் பக்கம் வராத. நான் ஆள் போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பைண்டிங் கம்பியை அறுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் ஆள் தேடிப் போனேன். தெரிந்த ஆபரேட்டர் ஒருவர் நாளைக்கு எழுநூறு கேட்டார், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கையில் வந்துவிட வேண்டும் என்றார். நியாயமான கூலிதான். எழுநூறு ரூபாயை மனசுக்குள் என் கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தேன். எழுதினதும் என் முப்பதாயிரத்தில் பாதிக்கு மேல் காணாமல் போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

வழியில் பஸ் ஸ்டாப்பில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். பஸ் மேல் பஸ் போனது. வெளியாளுக்கு அந்தக் கூலி கொடுத்தால் என் தொழில் நிற்காது. அப்படியென்றால் இத்தனை நாள் அது எதன்மேல் நின்றது?

வீட்டுக்கு வந்து, எழுநூறு கேட்கிறார்கள் என்றேன். அம்மா எழுந்து உள்ளே போனாள். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் கையில் ஒரு கூலி நோட்டு இருக்கும், உங்களுக்குத் தெரியும். அன்றன்றைக்குச் செய்த உருப்படியை எழுதி, சனிக்கிழமை கூட்டிப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குவார்கள். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. நம் மிஷினில் அவள் நின்ற நாளெல்லாம், போட்ட ஷீட், உடைத்த வேஸ்ட், கட்டின கட்டு, எல்லாம் எழுதியிருந்தாள். ஆபீஸில் கிடைத்த கூலிக்கு ஒத்து வருகிற மாதிரி ரேட்டும் அவளே போட்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் கூட்டல். வாரம் இரண்டாயிரத்து நூறு, இரண்டாயிரம், சீசனில் இன்னும் கூட. மாசத்துக்கு ஒன்பதாயிரம் வந்தது. இருபது மாசத்துக்கு நோட்டு நிறைந்து, பின் அட்டையிலும் எழுதியிருந்தாள்.

"இத எதுக்கு எழுதுன?"

"எதுக்குன்னா? வேல பாத்தா எழுதணும்ல. மொதலாளி என்னைக்காவது கணக்கு முடிச்சு விடுவாருன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நம்ம வீட்டு வேலைக்கு யாரு கூலி போடுவா?"

"அதான் நீங்க போடலயே. நான் போட்டேன்."

அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றைக்குத்தான் புதிதாக ஒரு பக்கம் எடுத்து எழுதினேன். மிஷின் வராமல் இருந்திருந்தால் இந்த வீட்டுக்கு என்னென்ன வரும்? கம்பெனி இன்றைக்கு எனக்குத் தருகிறேன் என்று சொல்வது இருபத்திமூன்றாயிரம். அம்மாவின் கூலி ஒன்பதாயிரம். டெய்லர் வாடகை மூவாயிரம். மொத்தம் முப்பத்தைந்தாயிரம். மிஷினால் வருவது முப்பதாயிரம். கூடுதல் ஏழாயிரம் என்று நினைத்தேனே, உண்மையில் மாசம் ஐயாயிரம் குறைகிறது. பி.எப். பணம் அப்படியே கிடந்திருந்தால் வந்திருக்கும் வட்டியை நான் சேர்க்கவே இல்லை. சேர்க்கப் பயமாக இருந்தது.

நம் பாக்கெட்டில் இருந்து எடுத்து யாருக்கும் கொடுக்காத பணம் அது. அதனால் செலவு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தரை காய்ந்து கிடந்ததற்குக் காரணம் அதுதான். தொட்டியில் ஓட்டையே இல்லை. வர வேண்டிய குழாயை நானே அடைத்து வைத்திருந்தேன்.

பெரியவளே, நீ அப்போது காலேஜ் முதல் வருஷம். இதைக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? "இதுக்குப் புத்தகத்துல பேரு இருக்குப்பா. கையவிட்டுக் குடுக்கிறது வெளிப்படைச் செலவு. குடுக்காமலே ஆகுறது மறைமுகச் செலவு. ஒண்ண எடுக்கிறதுக்காக இன்னொண்ண விடுறோம்ல, அது வாய்ப்புச் செலவு" என்றாய். அம்மா அடுப்படியில் இருந்தே கேட்டாள்: "அப்பிடின்னா, ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில வேல பாத்த மாப்பிள்ளைய வேணாம்னுட்டு உங்கப்பாவக் கட்டுனேன்ல, அதையும் அதுல எழுதச் சொல்லு." நாம் எல்லோரும் சிரித்தோம். அந்த ஒன்பது நாளில் இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான். சின்னவளும் சிரித்துவிட்டு, என்னோடு பேசுவதில்லை என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

புத்தகத்தில் படித்தவள்தான் நீ. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, ரூம் நம்ம ரூம் என்று சொன்னாய். அது உன் தப்பு இல்லை. நம் ஆட்கள் எல்லோருக்கும் வருகிற தப்பு. சொந்த வீட்டுக்கு வாடகை போட்டால் சிரிப்பார்கள், பெண்டாட்டிக்குக் கூலி போட்டால் அதைவிடச் சிரிப்பார்கள்.

கணக்கு தெரிந்துவிட்டது, இனி முடிவு எடுத்துவிடலாம் என்றுதானே நினைப்பீர்கள். இல்லை. கணக்கு தெரிந்த பிறகு பயம் கூடிவிட்டது. சொந்த மிஷின் கொடுத்த சில விஷயங்களுக்கு ரேட் போடத் தெரியவில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, ஏழு நாள் மிஷினைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். யாரிடமும் லீவு கேட்டுத் தலையைச் சொறியவில்லை. அதே ஏழு நாளும் ஒரு ரூபாய் வரவில்லை, ஆஸ்பத்திரிச் செலவும் கையை விட்டுப் போனது, ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தால் போயிருக்காது. எதை எந்தப் பக்கம் எழுதுவது? கம்பெனியும் நாளைக்கே நலிந்து போகலாம். பட்டாசுக்கு ஏதாவது தடை என்று செய்தி வரும் வருஷமெல்லாம் பெட்டி அடிக்கிறவனும் படுத்துவிடுகிறான், பெரியவன் சின்னவன் என்று பார்ப்பதில்லை.

ஏழாம் நாள் ஒரு யோசனை வந்தது. ரேட்டைக் கூட்டிக் கேட்டுப் பார்ப்போம். கொடுத்தால் இருந்துவிடுவோம், கம்பியை இறக்கிவிட்டே ஓட்டுவோம். அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஆயிரத்துக்கு முந்நூற்றைம்பது வேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, வீட்டுல எதுவும் விசேஷமா?"

"இல்ல அண்ணாச்சி. கட்டுபடி ஆகல."

"என்ன கட்டுபடி ஆகல? எடம் ஒன் எடம். ஆளு ஒன் வீட்டு ஆளு. கரண்டு மட்டும்தான ஒனக்குச் செலவு?"

நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன வார்த்தை. இப்போது அவர் வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தது.

"அம்மாவுக்கு... எம் பொண்டாட்டிக்குக் கூலி போடணும் அண்ணாச்சி."

பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "போடு, வேணாங்கல. ஆனா முந்நூத்தம்பதுன்னா நான் எதுக்கு ஒன்கிட்ட வரணும்? அந்த ரேட்டுக்குப் பெரிய இடத்துல நாலு மிஷின் வச்சிருக்கான், சொன்ன நாள்ல குடுப்பான். நீ கொறைச்சுப் போட்ட, அதான வந்தேன்?"

அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். என் வேலை சுத்தம், என் வெட்டு நேர்த்தி, அதனால் தேடி வருகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் தேடி வந்தது உங்கள் அம்மாவுக்கு நான் கொடுக்காத கூலியை.

எட்டாம் நாள் மிஷின் புரோக்கர் வந்தார். மிஷினைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, இரண்டு லட்சம் என்றார். மூன்று நாற்பதுக்கு வாங்கினது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் காற்றோடு போகிறது. அந்தப் பணத்தை எடுக்கவாவது இன்னும் இரண்டு வருஷம் ஓட்ட வேண்டும் என்று சொன்னேன். அம்மாதான் கேட்டாள்: "ரெண்டு வருஷம் ஓட்டுனா அந்தப் பணம் வந்துருமா, மாசம் அஞ்சாயிரம் இன்னும் போகுமா?" இருந்தாலும் போனாலும் திரும்பி வராத பணம் அது. அதற்காக இருக்கக் கூடாது என்று அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. மனசுதான் அன்றைக்குக் கேட்கவில்லை, இன்றைக்கும் முழுசாகக் கேட்கவில்லை. சாலையில் லோடு ஏற்றின பழைய மிஷின் எதையாவது பார்த்தால் திரும்பிப் பார்க்கிறேன்.

கையில் மீதி இருந்த அட்டை முழுவதையும் அன்றைக்கு நான் ஒருவனே நின்று, கம்பி இறங்கின மிஷினில், நின்று நின்று வெட்டி முடித்துக் கொடுத்தேன்.

ஆடிப் பதினெட்டு காலையில் சட்டை போடும்போது எனக்குப் பொத்தான் சேரவில்லை. ஒன்று மாற்றி ஒன்று போட்டேன். அம்மா வந்து அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டு, "பிடிக்கலைன்னா திரும்பி வந்துருங்க. மிஷினை இன்னும் விக்கலயே" என்றாள். சைக்கிளில் போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

கம்பெனியில் அன்றைக்குக் கூட்டம். புது ஆல்பம் பார்க்க வெளியூர் ஏஜெண்டுகள் வந்திருந்தார்கள். மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கி, பஞ்சிங் செக்சனில் விட்டார். வரிசையாக மிஷின்கள். நான் முதல் வேலையாக ஒவ்வொரு மிஷினிலும் கம்பியைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். தட்டினதும் நின்றது. அடுத்ததும் நின்றது. நான்காவது மிஷினில் கம்பி மேலே தூக்கி, பைண்டிங் கம்பியால் கட்டியிருந்தது. நான் கட்டின அதே மாதிரி, இரண்டு சுற்று, ஒரு முறுக்கு.

ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு என் வயசுதான். "சீசன்ல அண்ணே..." என்று இழுத்தார்.

"யாரு கட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஷீட் கவுண்டு வரணும்ல. கவுண்டு வரலைன்னா நீங்கதான கேப்பீக?"

உண்மைதான். நான்தான் கேட்க வேண்டும், என்னை மேனேஜர் கேட்பார். இருபத்திமூன்றாயிரத்தில் கட்டினதைப் பார்க்காத மாதிரி போவதற்கும் சேர்த்துத்தான் கூலி போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. சம்பள வேலைக்கும் எழுதாத செலவு உண்டு. நான் எழுதின பக்கத்தில் அது இல்லை.

பிளையர் வாங்கி அறுத்தேன். சாயங்காலம் அந்த மிஷினில் அறுநூறு ஷீட் குறைந்திருந்தது. மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, "வந்த அன்னைக்கேவா?" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், காலையில் பீரோவிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்த அந்த அட்டையை, பிறை மாதிரித் தடம் விழுந்ததை, எடுத்து மேசையில் வைத்தேன். "என்ன இது?" என்றார். "எம் பொண்டாட்டி வளையல் சார்" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கு வரைக்கும் கவுண்டு குறைகிற நாளெல்லாம் அவர் கூப்பிடுவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இன்றைக்கு வரைக்கும் அந்தச் செக்சனில் கம்பியைக் கட்ட நான் விட்டதில்லை.

மிஷினை அடுத்த மாசம் விற்றோம். அடகில் இருந்து ஆறு பவுன் வந்தது. டெய்லர் வேறு இடம் பிடித்துவிட்டார். அந்த அறையில்தான் இப்போது உன் கம்ப்யூட்டர் இருக்கிறது.

நீ தொடங்கு. நான் தடுக்கவில்லை. ஆனால் முதல் பார்ட்டியிடம் முதல் ரேட்டைச் சொல்வதற்கு முன்னால் அந்த அறைக்கு மூவாயிரம் எழுது. நீ இப்போது வாங்குகிற சம்பளத்தை எழுது. அவசரம் என்று சின்னவளை உட்கார வைத்து நீ ஏதாவது வேலை வாங்குவாய், உன்னை எனக்குத் தெரியும், அவளுக்கும் எழுது. எல்லாம் எழுதிப் போட்ட ரேட்டுக்கும் வருகிறவர்கள் வந்தால் தொழிலில் நில். நான் சொல்வதிலும் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். நான் போட்ட கணக்கெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அம்மாவின் நோட்டு பீரோவில், அந்த அட்டைக்கு அடியில் இருக்கிறது. கணக்கு இன்னும் முடிக்கவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை கொஞ்சம் கொடுத்து வருகிறேன். வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, பாக்கியைச் சத்தமாகச் சொல்லித்தான் உள்ளே வைக்கிறாள்.